ஒரே மவுத் ஆர்கனில் பல சுருதி: ஹார்மோனிகா பொசிஷன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துத் துளை டயட்டானிக் (ஒரு சுருதியின் ஏழு ஸ்வரங்கள் மட்டும் உள்ள) ஹார்மோனிகாவில் நாலைந்து பாட்டு வாசிக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இதை இரண்டாம் பொசிஷனில் வாசி" என்று யாராவது சொன்னால் விழிக்க வேண்டியிருக்கிறது இல்லையா, அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் சி ஹார்மோனிகாவுக்கு, அதாவது சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற மேல்நாட்டு ஸ்வரங்கள் ஸ, ரி, க, ம, ப, த, நி ஆக அமைந்த கருவிக்கு. 4ஊ என்றால் நான்காம் துளையில் ஊதுவது. 4இ என்றால் அதே துளையில் மூச்சை உள்ளே இழுப்பது. 3இ′ என்பது மூன்றாம் துளை இழுப்பை அரை ஸ்வரம் கீழே வளைப்பது, அதாவது பெண்ட். இரண்டு கோடு போட்டால் முழு ஸ்வரம்.

பொசிஷன் என்பது கருவியைப் பிடிக்கும் விதமா, உதட்டை வைக்கும் விதமா?

இரண்டும் இல்லை. கருவியில் இருக்கும் ஸ்வரங்களில் எதை ஸ ஆக எடுத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள் என்பதுதான் பொசிஷன். சி ஹார்மோனிகாவில் சி-யை ஸ ஆக வைத்தால் முதல் பொசிஷன். கருவியை மாற்றாமல் ஜி-யை ஸ ஆக வைத்தால் இரண்டாம் பொசிஷன். டி-யை வைத்தால் மூன்றாவது.

கர்நாடக இசை காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கிரக பேதம்தான் இது. சங்கராபரணத்தின் ரி-யை ஸ ஆகக் கொண்டால் கரகரப்பிரியா வருகிறது, க-வைக் கொண்டால் தோடி, ம-வைக் கொண்டால் கல்யாணி, ப-வைக் கொண்டால் அரிகாம்போதி, த-வைக் கொண்டால் நடபைரவி. சி ஹார்மோனிகாவில் இருப்பவை சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள். மற்ற ராகங்களின் ஸ்வரங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன, ஸ-வை நகர்த்தினால் போதும்.

அப்படியானால் இரண்டாம் பொசிஷன் ஏன் டி-யில் இல்லை? ஜி-க்கு ஏன் தாவுகிறது?

பொசிஷன்களை வரிசையாக இருக்கும் ஸ்வரங்களைப் பார்த்து எண்ணுவதில்லை, பஞ்சமத்தைப் பார்த்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பொசிஷனின் ஸ-வும் முந்தையதன் ப. சி-க்கு ஜி, ஜி-க்கு டி, டி-க்கு ஏ, ஏ-க்கு ஈ, ஈ-க்கு பி. கருவியின் ஸ்வரங்களாகச் சொன்னால் ஸ, ப, ரி, த, க, நி என்று ஆறு பொசிஷன்கள். இந்த ஆறு எழுத்தை மனப்பாடம் செய்துவிட்டால் அட்டவணை தேவையில்லை.

மிச்சம் இருக்கும் ம, அதாவது எஃப், பன்னிரண்டு ஸ்வரங்களும் கொண்ட இந்தப் பஞ்சமச் சுற்றில் சி-யிலிருந்து ஒரு படி பின்னால் இருப்பதால் பன்னிரண்டாம் பொசிஷன் ஆகிறது. ஏழு முதல் பதினொன்று வரை உள்ளவற்றின் ஸ கருவியில் நேராகக் கிடைக்காத ஸ்வரம். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

எந்தத் துளையில் எந்த ஸ்வரம்?

ஊதினால், ஒன்றாம் துளையிலிருந்து: சி, ஈ, ஜி, சி, ஈ, ஜி, சி, ஈ, ஜி, சி.

இழுத்தால்: டி, ஜி, பி, டி, எஃப், ஏ, பி, டி, எஃப், ஏ.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நடுவில், 4 முதல் 7 வரை, ஏழு ஸ்வரமும் முழுதாக இருக்கின்றன. கீழே 1 முதல் 3 வரை எஃப்-உம் ஏ-யும் இல்லை. அவற்றை 2இ″, 3இ″ என்று வளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஏழாம் துளையிலிருந்து மேலே, இழுக்கும் ஸ்வரம் ஊதும் ஸ்வரத்தைவிடக் கீழே இருக்கிறது. ஆறு துளை வரை பழகிய வாய் ஏழில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

என்னிடம் இருப்பது 24 துளை, இரட்டை வரிசை மவுத் ஆர்கன். அதில் இதெல்லாம் வருமா?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் டிரமோலோ வகை அது. ஸ-வை நகர்த்தி வாசிப்பதை அதிலும் செய்து பார்க்கலாம். ஆனால் அதில் ஊதும் ரீடும் (ரீடு என்பது அதிர்ந்து ஒலிக்கும் உலோகத் தகடு) இழுக்கும் ரீடும் தனித்தனி அறையில் இருப்பதால் பெண்ட் சரியாக வராது, பெண்ட் இல்லாமல் இரண்டாம் பொசிஷனின் உயிர் வராது. பத்துத் துளைக் கருவி ஒன்று வாங்குங்கள். முதல் கருவி சி-யாக இருக்கட்டும்.

எல்லோரும் ஏன் இரண்டாம் பொசிஷனையே பேசுகிறார்கள்?

இந்தக் கருவியின் வரலாற்றில் நடந்த மிக அழகான திருப்பம் அது என்பதால்.

ஐரோப்பாவில் இந்த அமைப்பை உருவாக்கியவர்கள் தங்கள் நாட்டுப்பாடல்களை மனதில் வைத்து அமைத்தார்கள். ஊதினால் சி கார்டு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு), அது ஸ-வின் கார்டு. இழுத்தால் 2, 3, 4, 5 துளைகளில் ஜி, பி, டி, எஃப், அதாவது ஜி செவன்த். அது ஒரு துணைக் கார்டு. அங்கே போய்விட்டு மறுபடி சி-க்குத் திரும்ப வேண்டும் என்பது அமைத்தவர்களின் எண்ணம். ஹோனர் நிறுவனம் ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரில் 1857-இல் தொடங்கியது. அதன் மரைன் பேண்ட் என்ற ஹார்மோனிகா 1896-இல் வந்தது. அந்த மலிவான சின்னக் கருவி அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் கலைஞர்களின் கைக்குப் போனபோது, அவர்கள் அந்தத் துணைக் கார்டையே ஸ ஆக்கினார்கள். இழுப்பதே இருப்பிடம் ஆனது. இழுக்கும் ஸ்வரங்கள்தான் கீழ்த்துளைகளில் வளையும். ஆக, பாட்டின் ஸ-வும் அதைச் சுற்றியுள்ள முக்கிய ஸ்வரங்களும் வளைந்து அழக்கூடியவையாக மாறின. ப்ளூஸ் என்ற அவர்களின் இசை கேட்ட குரல் அதுதான்.

கணக்காகப் பாருங்கள். ஜி-யை ஸ ஆக வைத்தால் 3இ தீவிரமான காந்தாரம். 3இ′ கோமளமான காந்தாரம். ப்ளூஸ் பாடகர் இரண்டுக்கும் நடுவில் உரசிக்கொண்டு நிற்கும் இடம் இந்தத் துளைக்குள் இருக்கிறது. 4இ பஞ்சமம், அதை 4இ′ ஆக வளைத்தால் ப்ளூஸின் தாழ்த்திய பஞ்சமம். 5இ கைசிகி நிஷாதம், வளைக்காமலே கிடைக்கிறது. பாட்டு நான்காம் கார்டுக்கு, அதாவது ம-வின் கார்டுக்கு, போகும்போது ஊதினால் போதும், சி கார்டு கையில் இருக்கிறது.

நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் 1920-களிலேயே டிஃபோர்ட் பெய்லி ரயில் ஓடுவதை ஹார்மோனிகாவில் வாசித்துப் புகழ்பெற்றார். சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் 1952-இல் பதிவுசெய்த ஜூக் என்ற இசைத்துண்டு, ஏ ஹார்மோனிகாவில் ஈ-யை ஸ ஆக வைத்து வாசித்தது, அதாவது இரண்டாம் பொசிஷன். அதைக் கேட்டபிறகு இந்த விளக்கத்தை மறுபடி படியுங்கள், நன்றாகப் பிடிபடும்.

2இ எனக்குச் சத்தமே வரவில்லை, அல்லது மங்கலாக வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வாயையும் தொண்டையையும் இறுக்கிக்கொண்டு இழுப்பதால், உங்களை அறியாமல் பாதி வளைத்துவிடுகிறீர்கள். கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, மெதுவாக, வயிற்றிலிருந்து இழுத்துப் பாருங்கள். 3ஊ-வும் அதே ஜி-தான். அதை ஊதிக் கேட்டுவிட்டு 2இ-யில் அதே சுருதியைத் தேடுங்கள். இரண்டாம் பொசிஷனில் 2இ உங்கள் ஸ. அது தெளிவாக நிற்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டாம் பொசிஷனில் சீக்கிரம் மூச்சு முட்டுகிறதே?

காற்று போதாததால் முட்டவில்லை, நிரம்பிவிட்டதால் முட்டுகிறது. இழுக்கும் ஸ்வரங்களே அதிகம் என்பதால் நுரையீரல் நிறைந்துகொண்டே போகும். ஊதும் ஸ்வரம் வரும் ஒவ்வொரு இடத்தையும் வெளியேற்றப் பயன்படுத்துங்கள், வரிகளுக்கு நடுவில் மூக்கு வழியாக விடுங்கள். ஸ வரும் சில இடங்களில் 2இ-க்குப் பதில் 3ஊ வாசிப்பதும் நல்ல வழி.

பெண்ட் வராமல் பொசிஷன் கற்க முடியாதா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் பெண்ட் வரும்வரை காத்திருப்பவர்கள்தான் பொசிஷன் பக்கமே வராமல் போகிறார்கள். மேல் துளைகளில் இரண்டாம் பொசிஷன் முழு எண்மம் (ஸ முதல் மேல் ஸ வரை), 6ஊ 6இ 7இ 7ஊ 8இ 8ஊ 9இ 9ஊ, ஒரு பெண்டும் இல்லாமல் வருகிறது. மூன்றாம் பொசிஷனுக்கு 4இ 5ஊ 5இ 6ஊ 6இ 7இ 7ஊ 8இ. இவற்றை இன்றே வாசிக்கலாம்.

பெண்ட் எவ்வளவு வளையும் என்பதற்கு எளிய விதி உண்டு: ஒரு துளையின் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறதோ அவை மட்டும். மூன்றாம் துளையில் ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மூன்று ஸ்வரம், ஆகவே மூன்று பெண்ட். ஐந்தாம் துளையில் ஈ-யும் எஃப்-உம் ஒட்டியிருக்கின்றன, முழுதான பெண்ட் எதுவும் இல்லை. 8, 9, 10-இல் ஊதுவது மேல் ஸ்வரம், அதனால் அங்கே வளைவது ஊதும் ஸ்வரம்.

முதல் பொசிஷன் தொடக்கக்காரர்களுக்கு மட்டும்தானா?

அப்படி நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். ப்ளூஸ் கலைஞர் ஜிம்மி ரீட் கழுத்தில் ஹார்மோனிகாவை மாட்டிக்கொண்டு, கையில் கிட்டாரோடு, முதல் பொசிஷனின் உச்சித் துளைகளில் வாசித்ததைக் கேளுங்கள். 8ஊ′, 9ஊ′, 10ஊ″ என்று ஊதும் பெண்டுகள். ப்ளூஸின் தாழ்ந்த காந்தாரமும் நிஷாதமும் அங்கே ஒளிந்திருக்கின்றன. ஏ, ஜி போன்ற தாழ்ந்த சுருதிக் கருவியில் இதைப் பழகுவது சுலபம். சி-யில் உச்சித் துளைகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மூன்றாம் பொசிஷன் எப்போது?

மைனர் பாட்டு, அதாவது தாழ்ந்த காந்தாரம் உள்ள பாட்டு, வந்தால். 4இ, 5இ, 6இ மூன்றையும் சேர்த்து இழுங்கள்: டி, எஃப், ஏ. டி மைனர் கார்டு தயாராக இருக்கிறது. 8, 9, 10-இல் இழுத்தால் அதே கார்டு ஓர் எண்மம் மேலே. இந்தப் பொசிஷனின் நிறம் கரகரப்பிரியாவுடையது.

எனக்கு மிகவும் பிடித்த பொசிஷன் இது. ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் நடுத்துளைகளிலேயே குடியிருங்கள். 4இ ஸ, 6இ ப, 8இ மேல் ஸ. இந்த மூன்றும் காதில் ஊறட்டும். இரண்டாம் பொசிஷனில் பழகிய வாய் தானாக 2இ-க்கு இறங்கப் பார்க்கும். 2, 3, 4-ஐச் சேர்த்து இழுத்தால் ஜி மேஜர் கார்டு. அதில் நீடித்து நின்றால் கேட்பவர் காது ஜி-க்குப் போய்விடும், மைனர் நிறம் கலைந்துவிடும். கீழ்த்துளைகளுக்கு வருவதானால் 1இ-யில் வந்து நில்லுங்கள், அதுவும் டி.

நாக்கால் 2, 3 துளைகளை மறைத்து 1-ஐயும் 4-ஐயும் ஒன்றாக இழுத்தால் இரண்டு டி-யும் எண்மமாக ஒலிக்கும். மூன்றாம் பொசிஷனுக்குப் பெரிய, அகலமான குரல் கொடுப்பது இது.

ஓர் எச்சரிக்கை: 7இ-யில் இருக்கும் பி சதுஸ்ருதி தைவதம். பாட்டு நடபைரவி மாதிரி தாழ்ந்த தைவதம் கேட்டால் இது இடிக்கும். அப்போது அந்த ஸ்வரத்தைத் தவிர்த்து வாசியுங்கள், அல்லது கீழே 3இ′ எடுங்கள், அல்லது நான்காம் பொசிஷனுக்குப் போங்கள்.

ஒரு பாட்டுக்கு எந்த ஹார்மோனிகாவை எடுப்பது என்று எப்படிக் கணக்கிடுவது?

பாட்டின் ஸ தெரிந்தால், அங்கிருந்து எண்ணுங்கள். இரண்டாம் பொசிஷன் என்றால் பாட்டின் சுத்த மத்யமம் எதுவோ அந்தக் கருவி. மூன்றாவது என்றால் ஸ-விலிருந்து முழு ஸ்வரம் கீழே. நான்காவது என்றால் சாதாரண காந்தாரம். பன்னிரண்டாவது என்றால் பஞ்சமம்.

பாட்டு ஏ-யில், அதாவது 6 கட்டையில், இருக்கிறது என்று வையுங்கள். முதல் பொசிஷனுக்கு ஏ கருவி, இரண்டாவதற்கு டி, மூன்றாவதற்கு ஜி, நான்காவதற்கு சி, ஐந்தாவதற்கு எஃப், பன்னிரண்டாவதற்கு ஈ.

கிட்டார் வாசிக்கும் நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பதானால் சி, ஏ, டி, ஜி என்ற நான்கு கருவிகள் போதும். இரண்டாம் பொசிஷனில் அவை முறையே ஜி, ஈ, ஏ, டி தருகின்றன. கிட்டார்காரர்கள் அதிகம் புழங்கும் சுருதிகள் இவைதான்.

4, 5, 12 இவையெல்லாம் தேவையா?

நான்காவது: ஸ ஏ. நடபைரவியின் ஸ்வரங்கள், அதாவது இயல்பான மைனர். 6இ-யிலிருந்து 10இ வரை பெண்ட் இல்லாமல் முழு எண்மம் கிடைக்கிறது. கீழே ஸ வேண்டுமானால் 3இ″ சுத்தமாக வர வேண்டும், அது எளிதல்ல.

ஐந்தாவது: ஸ ஈ. 2ஊ, 5ஊ, 8ஊ என்று மூன்று இடத்தில் ஸ உறுதியாக நிற்கிறது. தோடியின் ஸ்வரங்கள். இருண்ட, கனத்த மைனர் பாட்டுகளுக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

பன்னிரண்டாவது: ஸ எஃப். கல்யாணியின் ஸ்வரங்கள். மெதுவான மேஜர் மெட்டுகளுக்கு மிக இனிமையானது, பலர் கண்டுகொள்ளாதது.

ஆறாவது: பி-யை ஸ ஆக வைத்தால் பஞ்சமமே கிடைக்காது. ஏழு ஸ்வரத் தாய் ராகங்களின் வரிசையான மேளகர்த்தாவில் அதற்கு இடமில்லாததும் அதனால்தான். ஆர்வம் இருந்தால் தொட்டுப் பாருங்கள்.

பொசிஷனைக் காதில் ஏற்றுவதற்கு நல்ல பயிற்சி எது?

சுருதிப் பெட்டி. மேல்நாட்டுப் பாடங்களில் இதற்கு அவ்வளவு அழுத்தம் தருவதில்லை, ஆனால் நம் கையில் எப்போதும் இருக்கும் கருவி. கைபேசிச் செயலியாக இருந்தாலும் சரி.

சி ஹார்மோனிகாவை எடுங்கள். சுருதியை 1 கட்டையில் வைத்தால் முதல் பொசிஷன். 5 கட்டை இரண்டாவது, 2 கட்டை மூன்றாவது, 6 கட்டை நான்காவது, 3 கட்டை ஐந்தாவது, 4 கட்டை பன்னிரண்டாவது. சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும்போது முதலில் ஸ-வை மட்டும் நீட்டி வாசியுங்கள். பிறகு ஸ, ப. பிறகு ஒவ்வொரு ஸ்வரமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஸ-வுக்குத் திரும்புங்கள். அதே 5இ, 2 கட்டைச் சுருதியில் சோகமான காந்தாரமாகவும், 5 கட்டையில் நிஷாதமாகவும், 4 கட்டையில் அசையாத ஸ-வாகவும் ஒலிப்பதைக் கேட்கும்போது பொசிஷன் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அடுத்தது மோகனம். பெண்ட் ஒன்றுகூட இல்லாமல் ஒரே சி கருவியில் மூன்று பொசிஷனில் மோகனம் வரும்.

முதல்: 4ஊ 4இ 5ஊ 6ஊ 6இ 7ஊ.
இரண்டாம்: 6ஊ 6இ 7இ 8இ 8ஊ 9ஊ.
பன்னிரண்டாம்: 5இ 6ஊ 6இ 7ஊ 8இ 9இ.

ஒரே மெட்டை மூன்றிலும் வாசியுங்கள். மெட்டு ஒன்றுதான், ஆனால் மூச்சு விழும் இடம் வேறு, அழுத்தம் வேறு, நெளிவு வேறு. எந்தப் பொசிஷன் எந்தப் பாட்டுக்கு என்று முடிவுசெய்ய வேண்டியது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

மறுபக்கமாகவும் செய்யலாம். முதல் வரிசையின் அதே ஐந்து ஸ்வரங்களை 2 கட்டைச் சுருதியில் டி-யிலிருந்து வாசித்தால் மத்தியமாவதி, 3 கட்டையில் ஈ-யிலிருந்து வாசித்தால் இந்தோளம் (இதற்குச் சுருதியில் பஞ்சமத்தை நிறுத்திவிட்டு மத்யமம் வையுங்கள்), 6 கட்டையில் ஏ-யிலிருந்து வாசித்தால் சுத்த தன்யாசி.

அப்படியானால் இதில் கர்நாடக ராகங்களையே வாசித்துவிடலாமா?

ஸ்வரங்கள் கிடைக்கும், கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) எல்லா இடத்திலும் கிடைக்காது. ஐந்தாம் பொசிஷனின் ஸ்வர வரிசை தோடியுடையது என்றேன். ஆனால் அசைவில்லாத காந்தாரத்தோடு வாசித்தால் அதைத் தோடி என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். அங்கே காந்தாரம் ஜி. 2இ-யில் எடுத்தால் வளைத்து அசைக்கலாம், 6ஊ-வில் எடுத்தால் அசையாது. எந்த ஸ்வரம் வளையும் துளையில் விழுகிறது என்று பார்த்துப் பொசிஷனைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி. மோகனம், மத்தியமாவதி மாதிரி நேரான மெட்டுகளில் தொடங்குங்கள்.

பன்னிரண்டாம் பொசிஷனில் 5இ சுருதி சேராமல் ஒலிக்கிறது. என் மூச்சில் குறையா?

கருவியின் சுருதி முறையாகவும் இருக்கலாம். கார்டு இனிமையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சில கருவிகளில் 5இ, 9இ இரண்டையும் சற்றுத் தாழ்த்தியே சுருதி சேர்ப்பார்கள். இரண்டாம் பொசிஷனில் அது ஜி செவன்த் கார்டைக் குழைவாக்குகிறது. அதே ஸ்வரத்தை ஸ ஆக வைத்தால் தாழ்வு காதில் உறுத்தும். பல பொசிஷனில் மெட்டு வாசிப்பதே நோக்கம் என்றால் சம இடைவெளிச் சுருதி முறையில் உள்ள கருவி வாங்குங்கள். கார்டு கொஞ்சம் கரகரக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மைனர் ஹார்மோனிகா, கன்ட்ரி டியூனிங், பேடி ரிக்டர் என்றெல்லாம் விற்கிறார்களே?

கன்ட்ரி டியூனிங்கில் 5இ அரை ஸ்வரம் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டாம் பொசிஷன் அரிகாம்போதியிலிருந்து சங்கராபரணமாகிவிடும். பேடி ரிக்டரில் 3ஊ முழு ஸ்வரம் ஏறி ஏ ஆகிறது, கீழே விடுபட்ட தைவதம் பெண்ட் இல்லாமல் கிடைக்கிறது. லீ ஆஸ்கர் நேச்சுரல் மைனர் கருவிகளில் இரண்டாம் பொசிஷனிலேயே மைனர் வாசிக்கலாம். எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் சாதாரணக் கருவியில் மூன்று பொசிஷன் கைவந்தபிறகு வாங்கினால்தான் எது உங்களுக்கு உண்மையில் குறைகிறது என்று தெரிந்து வாங்குவீர்கள்.

குரோமாட்டிக் ஹார்மோனிகாவிலும் பொசிஷன் உண்டா?

பொத்தான் இருப்பதால் பன்னிரண்டு ஸ்வரமும் கிடைக்கின்றன. பெல்ஜியத்தின் டூட்ஸ் தீல்மான்ஸ் அதில் எல்லா சுருதியிலும் ஜாஸ் வாசித்தார். ஆனால் ப்ளூஸ்காரர்கள் சி குரோமாட்டிக்கை எடுத்தாலும் டி-யில், மூன்றாம் பொசிஷனில்தான் அதிகம் வாசித்தார்கள். லிட்டில் வால்ட்டரும் ஜார்ஜ் ஸ்மித்தும் அப்படித்தான். இழுத்தால் டி மைனர் கார்டு கருவி முழுவதும் விரிந்திருக்கும் என்பதால்.

ஒரே கருவியில் பன்னிரண்டு பொசிஷனும் வாசிப்பவர்கள் இருக்கிறார்களா?

சிகாகோவின் ஹோவர்ட் லெவி வாசிக்கிறார். 1, 4, 5, 6 துளைகளில் ஓவர்ப்ளோ, 7, 9, 10-இல் ஓவர்டிரா என்ற முறையில், விடுபட்ட ஸ்வரங்களையும் எடுத்துவிடுகிறார். பெண்ட் கீழே இறக்குகிறது, ஓவர்ப்ளோ மேலே ஏற்றுகிறது. அதற்கு ரீடுகளை நெருக்கமாகச் சரிசெய்த கருவியும் நல்ல காதும் வேண்டும். 6-இல் ஓவர்ப்ளோ வந்தால் நடு எண்மத்தில் பி ஃப்ளாட் கிடைக்கும், மூன்றாம் பொசிஷனில் நான் சொன்ன தைவதச் சிக்கல் அதோடு தீரும். ஓவர்ப்ளோ பழக விரும்புகிறவர்கள் அந்த ஆறாம் துளையிலேயே தொடங்குங்கள். மற்றவற்றைவிட அது சீக்கிரம் வரும்.